கோட்டை விட்டது யார்

அன்புள்ள அக்காவுக்கு, அம்மாவும் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்ல, தம்பி கையால் எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேரும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் உன் விடுதித் தோழிகளும் உன்னிடம் ஊசி போட்டுக்கொள்ளும் பாவப்பட்டவர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொல்கிறாள், பாவப்பட்டவர்கள் என்றது மட்டும் நான். இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், பதினோரு வருடம் முகம் கோணாமல் சேவை செய்த நம் வீட்டுத் தகர வாளி, சென்ற வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அடிப்பாகம் கழன்று பணியிலிருந்து ஓய்வு பெற்றது. அப்பா தலைமையில் மூவர் குழு கூடி, வாளியைத் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, ஓட்டை வழியாக ஒருவரை ஒருவர் பார்த்து, இனி உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று ஒருமனதாகக் கழித்துக்கட்டியது. கைப்பிடி மட்டும் மீட்கப்பட்டு இருப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. இவ்வளவுதான் நல்ல செய்தி, மற்றதெல்லாம் அதைவிட நல்ல செய்தி.

அம்மாவுக்கு எழுத்து நன்றாக வரும், பொறுமைதான் வராது. தன் கோபத்தின் வேகத்துக்குப் பேனா ஓடவில்லை என்று என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். ஆகையால் இந்தக் கடிதத்தில் ‘நான்’ என்று வந்தால் அது நான்தான், அம்மா சொன்னதை அம்மா சொன்னதாகவே எழுதுவேன், குழம்பாதே. அப்பா பக்கத்து அறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு படிக்காமல் இருக்கிறார். எல்லாரும் சௌக்கியம்னு ரெண்டு வரி எழுதி மூடுடா, பரீட்சை நேரத்துல அவளைக் கலங்க வைக்காதீங்க என்றார். மூடறதுக்கும் திறக்கறதுக்கும் இது என்ன உங்க சாப்பாட்டு டப்பாவா என்று அம்மா இங்கிருந்தே கேட்டாள். அதன்பிறகு அந்த அறையிலிருந்து சத்தம் இல்லை. டப்பா என்ற சொல்லுக்கு அப்பா ஏன் வாயடைத்துப் போனார் என்பதுதான் எட்டு மாதமாக உனக்கு நாங்கள் மறைத்த விஷயம், இனி மறைக்க வேண்டாம், நாம் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

நீ கப்பல் ஏறிய மூன்றாம் மாதம், அப்பா இருபத்திரண்டு வருடமாகப் பேரேடு எழுதுகிற சர்க்கார் கிடங்குக்குப் புதுத் தலைமைக் குமாஸ்தா வந்தார். இடுப்பில் முப்பது சாவி. அவர் வருகிறார் என்பது அவர் வருவதற்கு அரை நிமிடம் முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும், உட்கார்ந்திருக்கும் காவலாளிகள் எழுந்து நிற்க அது போதும். நான் வைத்த பெயர் கொத்துச்சாவி. அந்தப் பெயரில்கூட ஏதோ மரியாதை இருக்கிறது என்று அம்மா ‘அந்த ஆள்’ என்றுதான் சொல்வாள். கிடங்கின் சட்டம் உனக்குத் தெரியும், உள்ளே வந்தது எல்லாம் பேரேட்டில் ஏற வேண்டும், வெளியே போவது எல்லாம் துண்டுச் சீட்டோடு போக வேண்டும், சர்க்காரில் ஒரு துடைப்பம்கூடத் தானாகச் சாக முடியாது, நாலு பேர் கையெழுத்துப் போட்டால்தான் சாகும். வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது ஓர் இனத்தில் பேரேட்டில் அறுபத்துநாலு, தட்டில் நாற்பது. மிச்சம் இருபத்துநாலு உருப்படி சீட்டும் இல்லாமல் ரசீதும் இல்லாமல் பின்கதவு வழியாக நடந்து போயிருந்தன. கதவைத் திறந்த சாவி யார் இடுப்பில் இருந்தது என்று கேட் காவலாளிக்குத் தெரியும், காவலாளிக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும், மாடியில் இருந்த துரைக்கு மட்டும் தெரியாது. கொத்துச்சாவி முந்திக்கொண்டார். வந்ததே நாற்பதுதான், பேரேடு எழுதுகிறவர் தூக்கத்தில் அறுபத்துநாலு என்று எழுதிவிட்டார் என்று துரைக்கு ஒரு கடிதம் கொடுத்தார். துரை விசாரணைக்கு உத்தரவிட்டார். அதில் குற்றம் அப்பா மேல் நின்றால் வேலை போகும், வேலை போனால் வேலையோடு கொடுத்த இந்த வீடும் போகும், ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்று நம் அலமாரியில் இருக்கிறது.

அதுவரைக்கும் அப்பாவைப் பேரேட்டுப் பக்கம் விடவில்லை. காவலாளிகள் பார்த்துக்கொண்டு நிற்க, மைக்கூட்டையும் ரூல்தடியையும் வாங்கிக்கொண்டு, பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். வளைந்த ஆணி ஒரு பக்கம், நேரான ஆணி ஒரு பக்கம், இதுதான் வேலை. சாயங்காலம் வந்து அப்பா விரலில் இருக்கும் துருவை வெகுநேரம் கழுவுவார், நானும் எந்த ஆணி அதிகம் என்று கேட்பேன், நேர்மையான ஆணி கம்மிதான்டா என்பார், சிரிக்கவும் செய்வார். அம்மா சிரிக்கவில்லை. ஏனென்றால் கேட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. வெளியே போகிற எல்லாரும் போகலாம், அப்பா மட்டும் நிற்க வேண்டும். கொத்துச்சாவி தானே வந்து, டப்பாவைத் திறந்து காட்டுங்க என்பார். சாப்பிட்டுக் காலியான டப்பா, அக்கா. மூன்று அடுக்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்ட வேண்டும், உள்ளே குனிந்து பார்ப்பார், ஒருநாள் விரலை விட்டுத் துழாவியும் பார்த்தார். இதை அப்பா வீட்டில் சொல்லவில்லை, கேட் காவலாளியின் மனைவி சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அம்மா அழவில்லை, ஒரு கைப்பிடி சாம்பல் எடுத்தாள். அந்த டப்பாவைத் தேய்த்தாள் பார், தினமும் தேய்த்தாள், மூடியில் முகம் தெரிகிற மாதிரி தேய்த்தாள். குனிஞ்சு பார்க்கட்டும், திருடன் மூஞ்சி எப்படி இருக்கும்னு அவனுக்கே தெரியட்டும் என்றாள்.

இப்போதுதான் உன் தம்பி மேடை ஏறுகிறான், கைதட்டத் தயாராக இரு. வருடக் கணக்கைச் சுத்தமான இங்கிலீஷில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இத்தனை வருடம் எழுதியவர் ஆணி எண்ணுகிறார். கொத்துச்சாவிக்குப் பேச்சு வரும், சாவி வரும், இங்கிலீஷ் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கே வந்தார், நம் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். தம்பிக்குக் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும்னு சொன்னாங்க, பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்ல பரிசு வேற வாங்கினானாமே, இதைப் பார்த்துப் படி எடுத்துக் கொடுக்கட்டும், விசாரணையில நானும் நல்லபடியாச் சொல்றேன் என்று கிடங்கு நாள்பதிவை மேஜைமேல் வைத்தார். தண்ணீர் கேட்டார். அம்மா டம்ளரைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள், இடுப்புச் சாவியெல்லாம் வயிற்றில் குத்தக் குனிந்துதான் எடுத்தார். அவர் போனதும், இந்த வீட்டு மை அந்த ஆளுக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்றாள் அம்மா. எழுதிக் கொடுடா, சர்க்கார் கணக்கு தாமதமாகக் கூடாது என்றார் அப்பா. தன்னை மிதிக்கிறவனுடைய கணக்கு தாமதமாகக் கூடாது என்று கவலைப்படுகிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார், அவர் நமக்கு அப்பாவாக வாய்த்திருக்கிறார்.

நாள்பதிவு, சாமான் எடுத்துக் கொடுக்கும் ஆள் எழுதியது. எழுத்து நம் எழுத்து, சாமான் பெயரெல்லாம் இங்கிலீஷ். வண்டி மாட்டுக்குக்கூட ‘புல்லக் 4’ என்றுதான் எழுதுவார். அதற்கு அடுத்த வரி, ‘காவல் கோட்டு 64’. பக்கத்தில் கொத்துச்சாவி கைப்பட ஒரு சீட்டு, அறுபத்துநாலில் இருபத்துநாலைப் பூச்சி அரித்துவிட்டது, எரித்தாகிவிட்டது, கணக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று. துரையிடம் வந்ததே நாற்பது என்றவர், அறுபத்துநாலை அனுப்பி வைத்த தலைமை அலுவலகத்திடம் அப்படிச் சொல்ல முடியுமா, அதனால் அங்கே பூச்சி. காவலாளிகள் குளிருக்குப் போடுகிற கம்பளிக் கோட்டுகள்தான் அந்த உருப்படி. இருபத்துநாலு என்ற எண்ணைப் பார்த்ததுமே உன் தம்பிக்குப் பொறி தட்டிவிட்டது. நம் எழுத்தில் கோட்டு என்று எழுதினால் தோளில் மாட்டுவதும் அதுதான், இங்கிலீஷ்காரன் ஆட்டுக்குச் சொல்லும் சொல்லும் அதுதான், இரண்டுக்கும் ஒரே ‘கோ’, வித்தியாசம் தொண்டையில்தான் இருக்கிறது, பேனாவில் இல்லை. நான் பேனாவை எடுத்தேன், இடது மீசையை முறுக்கினேன் (வலது இன்னும் வரவில்லை), பழிக்குப் பழி என்று சொல்லிக்கொண்டு, அத்தனை கோட்டையும் இங்கிலீஷில் ஆடாக்கினேன். காவல் ஆடு அறுபத்துநாலு வரவு. நாலாம் தட்டில் மடித்து வைக்கப்பட்டுள்ளன. ஓர் ஆட்டுக்கு ஆறு பொத்தான் வீதம் புதிதாகத் தைக்கப்பட்டது. இருபத்துநாலு ஆடுகளைப் பூச்சி தின்றுவிட்டது. இருப்பு நாற்பது. கொத்துச்சாவி வந்து, கையெழுத்து அழகைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கீழே தன் கையெழுத்தையும் போட்டார். ஆட்டினார் என்பதைக் கவனித்தாயா.

கோட்டு என்று எழுதியிருந்தால் அந்த வரியை அங்கே ஒரு நாதியும் படித்திருக்காது, பூச்சி அரித்த கோட்டு ஆயிரம் கிடங்கில் ஆயிரம் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு நீக்கியிருப்பார்கள். ஆட்டைப் படித்தார்கள். ஏழாம் வாரம் பதில் வந்தது. எந்த உத்தரவின் பேரில் கிடங்கில் ஆடு வளர்க்கிறீர்கள், தீவனம் எந்தக் கணக்கில், ஒரு வருடத்தில் ஒன்றுகூடக் குட்டி போடவில்லையே ஏன், ஆட்டை மடிப்பது எப்படி, பொத்தான் ஆட்டின் எந்தப் பாகத்துக்கு, இருபத்துநாலு ஆட்டைத் தின்ற பூச்சி எந்த இனம், அது இன்னும் கிடங்கில்தான் இருக்கிறதா, இருந்தால் ஊழியர்களுக்கு என்ன பாதுகாப்பு. கடிதத்துக்குப் பின்னாலேயே தணிக்கைத் துரையும் வந்து இறங்கினார். ஆட்டைக் காட்டு என்றார், கோட்டைக் காட்டினார்கள். சரி, பூச்சி தின்றதைக் காட்டு என்றார். அது வந்ததே நாற்பதுதான் என்று நம் துரை உள்ளே புகுந்து, கொத்துச்சாவி தனக்கு எழுதிய பழைய கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மேஜைமேல் இரண்டு தாள். ஒன்றில் வந்ததே நாற்பது. இன்னொன்றில் வந்தது அறுபத்துநாலு, தின்றது இருபத்துநாலு. இரண்டிலும் ஒரே கையெழுத்து. கொத்துச்சாவிக்கு வியர்த்துவிட்டதாம், ஐயா இதை நான் எழுதலை, பேரேட்டுக்காரர் பையன்தான் எழுதினான் என்றாராம். சர்க்கார் கணக்கை வீட்டுப் பையன்கிட்டக் கொடுத்தது யாரு என்று தணிக்கைத் துரை கேட்க, அதற்குமேல் முப்பது சாவியும் ஒன்றாக ஊமையாகிவிட்டன. கேட் காவலாளி வெளியே வந்து சொன்ன செய்தி ஒரே வரிதான், ஐயா கோட்டை விட்டுட்டாரு.

இப்போது நிலைமை கேள். விசாரணை அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை. அதுவரை அப்பா திரும்பவும் தன் உயர நாற்காலியில், தன் மைக்கூட்டோடு. கொத்துச்சாவி தகரக் கொட்டகையில், சாவியில்லாமல், அதே ஆணிக் குவியலுக்கு முன்னால். அவர் பையையும் சாயங்காலம் கேட்டில் திறந்து காட்ட வேண்டும் என்று காவலாளிகள் தாங்களாகவே ஆரம்பித்துவிட்டார்கள், துரை சொல்லவில்லை. இதை அம்மா என்னை மூன்று தடவை சொல்ல வைத்துக் கேட்டாள், நாலாவது தடவை, விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாங்களா என்று கேட்டாள். என் பங்குக்கு நானும் சும்மா இல்லை. இந்த வரிசை வீட்டுப் பையன்கள் ஏழு பேருக்குக் கத்தப் பயிற்சி கொடுத்திருக்கிறேன், அவர் தெருமுனை திரும்பும்போது முதல் ஆள் ‘மே’ என்பான், வீட்டுக்குள் நுழையும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் தொடர வேண்டும், சிரித்தால் குழுவிலிருந்து நீக்கம். ஒருநாள் அவர் வாசலில் ஒரு கட்டுப் பசும்புல் வைத்து, முறைப்படி துண்டுச் சீட்டும் எழுதிக் கட்டினேன், ‘காவல் கோட்டுகளுக்கு, புல் கட்டு ஒன்று, பெற்றுக்கொண்டவர் கையொப்பம்’ என்று கோடு போட்டு இடமும் விட்டிருந்தேன். குழாயடியில் அவர் மனைவி அம்மாவைப் பார்த்து, பெரிய மனசு பண்ணி உங்க வீட்டுக்காரரை ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லச் சொல்லுங்க என்று கேட்டாள். அதுக்கென்ன, உங்க வீட்டுக்காரரை ஒரு நாள் டப்பாவோட எங்க வாசலுக்கு வரச் சொல்லுங்க, மூணு அடுக்கையும் திறந்து காட்டினா யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அம்மாவுக்கு இப்போது ஒரே பயம் அப்பாதான். அவருக்கும் சின்னச் சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, வேலையை விட்டு எடுத்துட வேண்டாம்னு விசாரணையில சொல்லலாம்னு பார்க்கிறேன் என்று நேற்று சாப்பிடும்போது அப்பா மெதுவாக ஆரம்பித்தார். நீங்க கேட்டுல நின்னப்ப உங்களுக்கும் பிள்ளைங்க இருக்குன்னு அவனுக்கு ஞாபகம் வரலையே என்றாள் அம்மா. அப்பா தட்டைப் பார்த்தார். அதனால் நீ உடனே அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், நீங்கள் இளகக் கூடாது, ஒரு வார்த்தைகூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்று, நீ சொன்னால் கேட்பார். இது உனக்கு வர எட்டு நாள், உன் பதில் இங்கே வர எட்டு நாள், விசாரணைக்கு இருபது நாள், கையிருப்பு நாலு நாள்தான், படித்து முடித்த கையோடு எழுது. விசாரணையில் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். துரைகள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, ஆமா, தெரிஞ்சேதான் எழுதினேன், எங்க அப்பாவைக் கேட்டுல நிறுத்தினதுக்கு எழுதினேன்னு சொல்லுடா என்று அம்மா எனக்கு வசனம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், வரிசை வீடு முழுக்கவும் சொல்லியாகிவிட்டது, காய்கறிக்காரர்கூட என்னைப் பார்த்தால் இப்போதெல்லாம் சார் என்கிறார்.

மற்றபடி குளிரில் காதை மூடிக்கொள், உறங்காமல் படிக்காதே, விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பாதியில் எழுந்துவிடாதே, நீ படித்துப் பெரிய தாதியாகி வர வேண்டும், உன் கையால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பேர் இங்கே ஆரோக்கியமாகக் காத்திருக்கிறார்கள். நூறு வருடம் நன்றாக இரு. அப்பாவுக்கு எழுத மறக்காதே, இது இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன் என்கிறாள் அம்மா.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா, அப்பா

அக்கா, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு ஒட்டுவதற்குப் பசை எடுக்கப் போயிருக்கிறாள். இதற்குக் கீழே இருக்கும் இடம் எனக்கு. இன்று காலை அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப்போகிற மாதிரி வெளியே கூட்டிப்போனார். தெரியாம எழுதியிருந்தா அது பிழைடா, அதுல தப்பு பையன்கிட்டக் கொடுத்தவர் மேல. தெரிஞ்சு எழுதியிருந்தா சர்க்கார் கணக்கை மாத்தி எழுதினது, என் வீட்ல எழுதினது, அது என் தலையிலதான் விழும், வீடு போயிடும். அம்மா ஊரெல்லாம் சொல்றதை விடு, எது நடந்துச்சு, எனக்கு மட்டும் சொல்லு என்றார். பிழை என்றால் பிழைத்தோம், பழி என்றால் போனோம். நான் மிட்டாய் வேண்டும் என்று சொன்னேன், வாங்கிக் கொடுத்தார்.

நீயே கண்டுபிடித்திருப்பாய். பொறியும் தட்டவில்லை, மீசையும் முறுக்கவில்லை. ஆபீஸ் பேச்சை வீட்டில் பேசாத அப்பா, உருப்படி குறைகிறது என்றுதான் சொல்லியிருந்தார், கோட்டு என்று ஒருநாளும் சொல்லவில்லை. முந்தின வரியில் மாடு இருந்தது, காவலுக்கு நாய் வைக்கிற சர்க்கார் ஆடும் வைக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தட்டில் மடித்து வைத்திருந்தார்களா, ஆடு எங்கேயும் ஏறும், காலை மடித்துப் படுக்கும்தானே. பொத்தான் என்றால் காதில் நம்பர் போட்டுத் தொங்கவிடுவது என்று எடுத்துக்கொண்டேன். பூச்சி மட்டும் கொஞ்சம் உறுத்தியது, ஆனால் சர்க்கார் பூச்சி, எதையும் தின்னும் என்று விட்டுவிட்டேன். இருபத்துநாலு என்ற எண்ணைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. தலைமை அலுவலகக் கேள்வித்தாளைப் பற்றி அப்பா வீட்டில் சொல்லி எல்லாரும் சிரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது, அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, என் சிங்கம் வேணும்னே செஞ்சிருக்கு பாருங்க என்று முத்தம் கொடுத்துவிட்டாள், அதன்பிறகு இல்லை என்று சொல்ல எந்தச் சிங்கத்தால் முடியும்.

அப்பாவிடம் இன்று சாயங்காலம் சொல்லிவிடுவேன். அம்மாவிடம் எப்போது என்று தெரியவில்லை. விசாரணையில் இரண்டு துரைகள், என் தலைமையாசிரியர், காவலாளிகள் எல்லோர் முன்னாலும் இங்கிலீஷில் பரிசு வாங்கிய நான் எழுந்து நின்று, கோட்டை ஆடு என்றே நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் போதாதாம், எழுத்திலும் கொடுக்க வேண்டுமாம், இங்கிலீஷில். நாலே வரி, அக்கா, உன் பதிலோடு எழுதி அனுப்பு, அப்படியே படி எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். என் சொந்த இங்கிலீஷை நம்பி இன்னொரு தாளில் கைவைக்க எனக்குத் தைரியம் இல்லை.